ஏலாக்குறிச்சி: வைத்தியம் நடந்த தூரம்

ஏலாக்குறிச்சி என்றதும் அடைக்கல மாதா கோயிலும் வீரமாமுனிவரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1710-ல் இந்தியாவுக்கு வந்த அந்த இத்தாலியப் பாதிரியார் கொள்ளிடத்தின் வடகரையில் இருந்த இந்த ஊரில் தங்கி, திருக்காவலூர் என்று அதற்குப் பெயர் சூட்டி, தமிழில் எழுதிக் குவித்தார். அவர் வைத்தியமும் பார்த்தார் என்பது ஊர்வழியாக வந்த செய்தி. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை கண்டது. பார்த்த வைத்தியர்கள் எல்லாம் கைவிரித்த பிறகு, முனிவர் பச்சிலையும் இந்த ஊர் மண்ணும் சேர்த்துப் பற்றுப்போட்டு ஆற்றினார். அதற்கு நன்றியாக மன்னர் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ராஜபிளவையோடு ஒருவர் இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்கச் சொல்வார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம் அதிகம் காணப்படும் கட்டி அது. மன்னருக்குச் சர்க்கரை இருந்ததா என்று இனி யாரும் சோதிக்க முடியாது. அவருக்குக் கிடைத்த வைத்தியம் எப்படிப்பட்டது என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார், புண்ணைப் பார்த்தார், மருந்து போட்டார், ஆறும்வரை இருந்து கவனித்தார். அதே சீமையில் அன்று நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்கு நோய் வந்திருந்தால் அப்படி யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்? நோயாளியை நடுவில் வைக்கும் மருத்துவம் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கு ஒரே பொருள்தான்: மழவராயருக்குக் கிடைத்தது நடவாள் வீட்டுத் திண்ணைக்கும் வர வேண்டும். தமிழ்நாட்டு அரசு அந்த வழியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க, அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தின் இந்த ஆற்றங்கரை நல்ல இடம்.

நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்திய நிலைமை வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் கஷாயம், மிளகுக் கஷாயம். இரண்டு நாளில் தணியாவிட்டால் ஊசி போடுகிற டாக்டர். அதற்கும் கேட்காவிட்டால் அரியலூர். அல்லது திருமானூர் வந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, திருவையாறு வழியாகத் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி. நோயாளி தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக இரண்டு பேருடைய அன்றைய கூலி போயிற்று. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு தனி. விடியற்காலை கிளம்பி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரிடம் போய் நின்றால் “என்ன பண்ணுது?” என்ற கேள்வி வரும். “தலை சுத்துதுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் சீட்டில் எழுதி முடித்திருப்பார். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, தனக்கு வந்திருப்பது என்ன என்று தெரியாமலேயே ஊர் திரும்புவார்கள்.

இதனால் ஒரு கொடுமை நேர்ந்தது. வலிக்காத நோய் நோயாகவே எண்ணப்படவில்லை. ரத்தக் கொதிப்பு வலிக்காது. ஒரு நாள் வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டில் அப்படி ஒரு நோய் இருந்தது தெரியவரும். சர்க்கரையும் அப்படித்தான். கால் விரலில் முள் குத்திய புண் மாதக்கணக்கில் ஆறாமல், கறுத்து, கடைசியில் தஞ்சாவூரில் விரலையோ காலையோ எடுத்துவிட்டு வரும்போதுதான் நோயின் பெயரே தெரியும். திண்ணையில் ஒரு பக்கம் விழுந்து கிடந்த பெரியவர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதை விதி என்றார்கள். மாதாமாதம் சில மாத்திரைகள் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அவர்களில் பலர் எழுந்து நடந்துகொண்டிருந்திருப்பார்கள்.

மருந்தும் அன்று வேறு மாதிரி இருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துப்போவார்கள். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரை அதில் ஊற்றிக் கொடுப்பார். மாத்திரையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார். பல நாட்களில் “ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க” என்ற பதில்தான் கிடைக்கும். இதை மாற்றியது ஒரு கொள்முதல் அலுவலகம் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். 1994-ல் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர் போட்டது. மாவட்டந்தோறும் கிடங்கு வைத்தது. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்பியது. எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பாஸ்புத்தகம் கொடுத்தது. பொட்டலம் போய், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அட்டைகள் வந்தன. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. நோயாளியைப் பற்றி உருக்கமாகப் பேசும் கூட்டங்களில் இந்தக் கழகத்தை யாரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் மாத்திரை இல்லாத ஊரில் நோயாளியிடம் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அவர் பிழைக்க மாட்டார். கிடங்கில் மருந்து இருந்ததால்தான் கால் நூற்றாண்டு கழித்து அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு அரசு நினைக்க முடிந்தது.

மருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிரசவம் மாறத் தொடங்கிவிட்டது. ஊர் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். சிக்கல் என்றால் வண்டி கட்டிக்கொண்டு தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வழியிலேயே போனவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. 1992-93-ல் எடுத்த முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போதுகூட தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் நடந்தது. 2019-21 கணக்கெடுப்பில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில். இதற்குக் காரணங்கள் பல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறைவைத்து மூன்று நர்சுகளைப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் திறந்துவைத்தார்கள். 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை படிப்படியாக ஏறி 2018-ல் 18,000 ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. எனக்கு இவற்றில் மிகப் பெரியதாகத் தோன்றுவது செலவே இல்லாத ஒன்று: பிரசவ அறைக்குள் அம்மாவோ மாமியாரோ அக்காவோ ஒருவர் கூட இருக்கலாம் என்ற அனுமதி. அதற்கு முன் அந்த அறைக்குள் பெண் தனியாகக் கத்திக்கொண்டிருப்பாள், அதட்டல்களையும் தனியாகவே வாங்கிக்கொள்வாள், வெளியே குடும்பம் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கையைப் பிடித்துக்கொள்ளச் சொந்தக்காரி ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்றால் அதட்டுகிறவர்களின் குரலும் தணிகிறது.

காப்பீடு தனிக் கதை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சர் பெயரில் விரிவான திட்டம், பிறகு மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இதய அறுவைச் சிகிச்சைக்கு நிலத்தை விற்ற காலம் போனது பெரிய ஆறுதல். ஆனால் காப்பீட்டு அட்டை படுத்த பிறகு காப்பாற்றுவது. படுக்காமல் இருக்க அது உதவாது.

படுக்காமல் காப்பது யார் வேலை? ஏட்டில் அது கிராமத் துணை சுகாதார நிலையத்தின் வேலை. ஐயாயிரம் பேருக்கு ஒரு நிலையம், ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, கொசுப்புழு, கணக்கெடுப்பு என்று எல்லாம் அவர் தலையில். வேலைக்காக அவர் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சுற்றும்போது நிலையம் பூட்டியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் “அது எங்க தொறந்திருக்கு” என்று சொல்லிவிட்டுத் தனியார் டாக்டரிடம் போனார்கள். நர்சம்மா வேலை செய்யாததால் பூட்டியிருக்கவில்லை. வேலை செய்ததால்தான் பூட்டியிருந்தது. இந்த எளிய உண்மையை அரசு உணரப் பல வருஷம் ஆயிற்று.

உணர்ந்தபோது அதைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று நம் பக்கத்து வீடு. அனைவருக்கும் நலவாழ்வு என்ற முன்னோடித் திட்டத்துக்கு 2017-ல் மூன்று ஒன்றியங்களை எடுத்தார்கள்: கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டம் வேப்பூர். துணை நிலையங்களைச் செப்பனிட்டார்கள், மருந்துகளை வைத்தார்கள், கூடுதலாக ஒரு செவிலியரைப் போட்டார்கள். ஒருவர் ஊர் சுற்றப் போனால் இன்னொருவர் நிலையத்தில் இருப்பார். சென்னை ஐ.ஐ.டி.யில் சுகாதாரப் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் வி.ஆர். முரளீதரன் குழுவினர் வீடு வீடாகப் போய் முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். முன்பு நோய்க்காக யாரும் எட்டிப் பார்க்காத துணை நிலையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ளாகவே கணிசமானவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தனியாரிடம் போவது குறைந்தது, கைக்காசு செலவும் குறைந்தது. மக்கள் அரசு மருத்துவத்தை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள் என்று அதுவரை சொல்லப்பட்டது எவ்வளவு தவறு! கதவு திறந்திருந்தது, ஆள் இருந்தார், மாத்திரை இருந்தது, வந்தார்கள்.

வேப்பூர் வாசலைத் திறந்து வைத்தது. அடுத்த அடி வாசலைத் தாண்டியது. அதற்குத் தூண்டியது ஒரு கணக்கு. 2020-ல் மாநிலம் முழுக்க எடுத்த ஆய்வில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. இந்தியாவிலேயே சிறந்த பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் நூறு ரத்தக் கொதிப்புக்காரர்களில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் எதிர்நோக்கி நடமாடிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அதை வாங்க வர வேண்டியிருந்தது. உடம்பு சரியாக இருக்கிற நாளில் யார் அப்படி வருவார்கள்? நடவுக் காலத்தில், அறுப்புக் காலத்தில் வரவே மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த நடையைத் திருப்பிப் போட்டது. நோயாளி நடந்த தூரத்தை இனி அரசு நடக்கும் என்றது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கையில் கொடுத்து ஊருக்குள் அனுப்பினார்கள். அந்த ஊர்க்காரப் பெண், அந்தத் தெருவில் எல்லோருக்கும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறவள். ஒன்றியத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர், வலி தணிக்கும் சிகிச்சைக்கு ஒரு செவிலியர், அவர்களுக்கு ஒரு வண்டி. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் திரவப் பை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட ஆள் வருகிறார். கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் தொடங்கி, கேரளம் முழுக்க ஊர்மக்கள் சுமந்துகொண்ட வேலை அது. இங்கே அதை அரசே தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

கொள்ளிடக் கரையில் ஒரு காலைப்பொழுதில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். தன்னார்வலர் என்று பெயர் பெற்ற அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து, ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றுவார். “அப்பாயி, ராத்திரி மாத்திரை போட்டீங்களா?” அப்பாயி பக்கத்தில் இருக்கிற சும்மாட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொல்லும்: “தலதான் சுத்தலியே ஆயி, அப்புறம் எதுக்கு அத முழுங்கிக்கிட்டு?” இந்தக் கேள்வியைத் தஞ்சாவூரில் எந்த டாக்டரிடமும் அப்பாயி கேட்டிருக்காது. கேட்கிற தைரியம் வந்திருக்காது, கேட்க நேரமும் இருந்திருக்காது. தலை சுற்றாதபோதும் ஏன் மாத்திரை போட வேண்டும் என்பதுதான் ரத்தக் கொதிப்பு மருத்துவத்தின் மொத்தச் சாரமும். அந்தக் கேள்வி திண்ணையில் எழுகிறது. அதற்குப் பதில் சொல்ல அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சாதனையாக நான் எண்ணுவது மாத்திரை வீட்டுக்கு வந்ததை அல்ல, இந்தக் கேள்வி கேட்கப்படுவதைத்தான்.

2017-ல் 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி ஒரு ஆய்வு வெளிவந்தது. முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் பெயர், வயது, தொந்தரவு கேட்டு, மாத்திரை எழுதலாம். பயத்தைக் கேட்க முடியாது. கூலிக்காரருக்கு இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வெயிலில் கரும்பு வெட்டும்போது சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது, மருமகளுக்குத் தெரியாமல் மாத்திரையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது. டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் நூறு பேர் நிற்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? அதனால்தான் திண்ணையில் கிடைக்கும் பத்து நிமிடம் இவ்வளவு விலைமதிப்பானதாகிறது.

அந்தப் பத்து நிமிடத்தைத் தருகிறவளுக்கு நாம் என்ன தருகிறோம்? தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்று பெயர் வைத்ததால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. வெயிலில் தெருத் தெருவாக நடந்து, சர்க்கரை பார்த்து, செல்போனில் ஒவ்வொரு பதிவாக ஏற்றி, சிக்னல் கிடைக்காமல் மறுபடி ஏற்றி, மேலிருந்து கேட்கும் எண்ணிக்கையைக் காட்டி, அதற்கு நடுவில் அப்பாயிகளின் கேள்விக்குப் பதில் சொல்கிறாள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. மாநிலத்துக்கே பெருமை. அந்த விருதை உண்மையில் வாங்கியவர்கள் இந்தப் பெண்கள்தான். அவர்களை நிரந்தர ஊழியர்களாக, முறையான சம்பளத்தில் வைக்க வேண்டும் என்று நான் சொன்னால் நிதி எங்கே என்று கேட்பார்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஒரு மாவட்டத்தில் டாக்டர்களின் எவ்வளவு நேரத்தையும் எத்தனை டயாலிசிஸ் படுக்கையையும் எத்தனை காப்பீட்டுத் தொகையையும் விழுங்குகிறது என்று ஒரு தடவை கூட்டிப் பார்த்தாலே போதும், பதில் கிடைக்கும்.

எண்ணிக்கை பற்றிச் சொன்னேன். இந்தத் திட்டம் எத்தனை கோடிப் பேரை அடைந்தது என்பது ஒவ்வொரு மேடையிலும் சொல்லப்படுகிறது. அடைந்தது முக்கியம்தான். ஆனால் நோயாளிக்கு வேண்டியது அடைவது மட்டுமல்ல. அழுத்தம் இறங்க வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். பின்னர் எடுத்த மாநில ஆய்வில் கட்டுக்குள் வந்தவர்களின் விகிதம் இரண்டு நோயிலும் உயர்ந்திருக்கிறது. நான்கே ஆண்டில் அப்படி உயர்வது சின்ன விஷயமல்ல. ஆனாலும் அது இன்னும் ஐந்தில் ஒருவரை எட்டவில்லை. மீதி நான்கு பேரில் சிலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு போடுவதில்லை. சிலருக்கு அந்த மாத்திரையின் அளவு போதவில்லை; அதை மாற்றி எழுத டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு மறுபடி ஒரு நாள் கூலி. மாத்திரை வீட்டுக்கு வருகிறது, டாக்டர் வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் அடுத்த வேலை.

அரியலூர்ச் சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள் அடிபடுவது இந்த மாவட்டத்தின் தீராத துயரம். முன்பு அடிபட்டவரைத் தூக்கிப் போனால் போலீஸ் கேஸ், முன்பணம் என்று நேரம் போகும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை யாராக இருந்தாலும் இலவசம், தனியார் ஆஸ்பத்திரியிலும். 2022 ஜனவரி 12-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டதால் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஓட வேண்டிய கட்டாயம் குறைந்தது. அந்தக் கல்லூரியின் அரங்கத்துக்கு இதே மாவட்டத்துக் குழுமூர் அனிதாவின் பெயர். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மதிப்பெண் வாங்கியும் டாக்டராக முடியாமல் 2017 செப்டம்பர் 1-ல் உயிரை விட்டவர். அரங்கத்தின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அவர் டாக்டராகி இந்தக் கரைக்கு வந்திருந்தால், “தல சுத்தலியே ஆயி” என்று அப்பாயி அவரிடம் தயங்காமல் சொல்லியிருக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2020-ல் வந்த சட்டத்தையும் நான் நோயாளிக்கான சீர்திருத்தமாகத்தான் பார்க்கிறேன். நோயாளியின் பேச்சு புரிகிற டாக்டர் அவள் ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

அன்று இருந்து, இன்று கைவிடப்பட்ட ஒன்றும் உண்டு. 2007 வாக்கில் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், மக்களே மருத்துவச் சேவையைக் கண்காணிக்கும் ஒரு சோதனை ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்காக எடுத்த ஐந்து மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. அரியலூர் அப்போதுதான், 2007 நவம்பரில், அதிலிருந்து மறுபடி தனி மாவட்டமாகப் பிரிந்துகொண்டிருந்தது. கிராமக் குழுவில் பெண்கள் உட்கார்ந்து, நர்சம்மா ஊருக்கு வந்தாரா, கர்ப்பிணியை எடை பார்த்தாரா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்ததா, யாராவது கைநீட்டிக் காசு கேட்டார்களா என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறம் போடலாம். நிறம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரோடும் ஊழியர்களோடும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். சில ஆண்டுகள் நடந்து, பிறகு நிதி நின்றது, முயற்சியும் நின்றது. ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் நோயாளிகள் எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும்.

உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனோடு 2019-ல் தொடங்கிய சுகாதாரச் சீர்திருத்தத் திட்டம் தரச்சான்று, தரவு, முடிவுகளுக்கு ஏற்பப் பணம் என்று பல நல்ல ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. சான்று தர வெளியிலிருந்து வல்லுநர்கள் வருகிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, கத்தி கிருமிநீக்கம் செய்ததா என்று பார்க்கிறார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் நிலையத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும் வழி 2007-ல் இந்தப் பகுதியிலேயே இருந்ததே, அதை ஏன் விட்டோம்? மாத்திரை மேலிருந்து கீழே வந்து சேர்ந்திருக்கிறது. கீழிருந்து மேலே சொல் போய்ச் சேரவில்லை.

போகும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார்கள், ஊரக வேலைத் திட்டப் பட்டியலை வாசிக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தின் கணக்கையும் அதில் வாசிக்கலாம். பெயர் எதுவும் வேண்டாம், நான்கு எண்கள் போதும். நம் ஊரில் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், சென்ற மூன்று மாதத்தில் மாத்திரை தீர்ந்துபோன நாட்கள் எத்தனை, டாக்டர் ஊருக்கு வந்த நாட்கள் எத்தனை. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தன்னார்வலரின் செல்போனில் பாதி எண்கள் இப்போதே இருக்கின்றன. கலெக்டர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த நவம்பர் 1-ந் தேதி திருமானூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் அதை வாசிக்கலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாயி எழுந்து, “எனக்கு எழுதின மாத்திர பத்தலைன்னு இந்தப் புள்ள மூணு மாசமா சொல்லுது, டாக்டரு எப்ப வருவாரு?” என்று கேட்கும். அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.